உரிமத்தைக் கொடுத்தவர் யார்?

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் கேரல் ஹைஸ்மித், தம் நாட்டின் ஊர்களையும் கட்டடங்களையும் சாலையோரக் கடைகளையும் பல்லாண்டுகளாகப் படம் பிடித்து, அவற்றை வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்துக்குக் கொடையாக அளித்து வருபவர். காசு கொடுக்காமல் யாரும் அவற்றைப் பயன்படுத்தலாம் என்பது அவர் விருப்பம். 2015 டிசம்பரில் அவருடைய அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் வந்தது. அறக்கட்டளையின் இணையதளத்தில் ஒரு படம் உரிமமின்றிப் பயன்படுத்தப்பட்டிருக்கிறது, அதற்காக 120 டாலர் கட்ட வேண்டும் என்று, அலமி என்ற படவங்கியின் சார்பில் வசூல் நிறுவனம் ஒன்று கேட்டிருந்தது. அந்தப் படத்தை எடுத்தவரே ஹைஸ்மித்தான். விசாரிக்கப் போனால், அவர் தானமாகத் தந்த படங்களில் 18 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை கெட்டி என்ற இன்னொரு படவங்கியின் பட்டியலில் விலை போட்டு வைக்கப்பட்டிருந்தன. 2016 ஜூலையில் நியூயார்க் நீதிமன்றத்தில் 100 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ் அவர் வைத்த கோரிக்கைகள் தள்ளுபடியாயின. வழக்கின் மிச்சம் அதே ஆண்டு நவம்பரில் முடிந்துபோனது.

அந்தக் கடிதத்தில் குறை சொல்ல எதுவும் இருந்திருக்காது. படத்தின் பெயர், தொகை, கட்ட வேண்டிய முறை எல்லாம் ஒழுங்காக இருந்திருக்கும். 'இந்தப் படத்தை எடுத்தவர் யார், விற்கும் உரிமை உங்களுக்கு எப்படி வந்தது?' என்ற ஒரு கேள்வியை மட்டும் நூலகத்திலிருந்து படவங்கி, படவங்கியிலிருந்து வசூல் நிறுவனம் என்ற சங்கிலியில் ஒருவரும் கேட்கவில்லை. காசு கேட்கும் கடிதத்தில் நடந்த இந்தத் தவறு, 'இலவசம், எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லும் பக்கங்களில் அன்றாடம் நடக்கிறது. ஒரு படத்தின் கீழே கிரியேட்டிவ் காமன்ஸ் முத்திரை இருக்கிறது, பார்த்தவர் பதிவிறக்கிக்கொள்கிறார், அட்டைப்படமாகவோ கட்டுரையின் தலைப்புப் படமாகவோ போட்டுவிடுகிறார். முத்திரையைப் பார்த்தாரே தவிர, முத்திரை குத்தியவரைப் பார்க்கவில்லை.

திறந்த உரிமம் என்பது ஒரு மனிதர் உலகத்துக்குத் தரும் அனுமதி. தமக்குச் சொந்தமில்லாத ஒன்றுக்கு அவர் அனுமதி தந்தால் அது செல்லாது. எத்தனை பேர் நல்லெண்ணத்தோடு அதை நம்பினாலும் செல்லாது. அதனால் உரிமம் சரிபார்ப்பதென்பது உரிமத்தின் வாசகத்தைப் படிப்பதோடு நிற்கும் வேலையல்ல; அதை வழங்க அந்த மனிதருக்குத் தகுதி இருந்ததா என்று பார்ப்பதே அதில் பெரும்பகுதி. நிலம் வாங்கும்போது நாம் இதை நன்றாகவே செய்கிறோம். விற்பவர் நீட்டும் பத்திரத்தோடு திருப்தி அடையாமல் மூலப்பத்திரம் கேட்கிறோம், வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறோம். படத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகம் கிடையாது என்பதால் அந்த வேலை முழுவதும் பயன்படுத்துபவர் தலையில் விழுகிறது.

தலையில் விழுந்தது தற்செயலாக அல்ல. 2002 டிசம்பரில் கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு தன் முதல் உரிமங்களை வெளியிட்டபோது அவற்றில் ஓர் உறுதிமொழி இருந்தது. தம்மால் இயன்றவரை விசாரித்ததில் இந்த உரிமத்தை வழங்கத் தேவையான உரிமைகள் எல்லாம் தம்மிடம் இருப்பதாக, படைப்பை வழங்குபவர் அதில் பொறுப்பேற்றார். 2004இல் வந்த இரண்டாம் பதிப்பு அந்த உறுதிமொழியை எடுத்துவிட்டது. படைப்பு 'இருக்கிறபடியே' தரப்படுகிறது. சொந்தம் பற்றியோ பிறர் உரிமையை மீறவில்லை என்பது பற்றியோ எந்த உத்தரவாதமும் இல்லை. இன்று புழங்கும் நான்காம் பதிப்பிலும் அதே நிலைதான். ஒரு காசும் வாங்காமல் படத்தைப் பகிர்பவர்மேல் சட்டப் பொறுப்பைச் சுமத்துவது நியாயமில்லை என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடிகிறது. ஆனால் அதன் விளைவைப் பயன்படுத்துபவர்கள் பெரும்பாலோர் அறியவில்லை. பிளிக்கர் தளம் தொடங்கியதும் அதில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் வந்ததும் 2004. விக்கிமீடியா காமன்ஸ் தொடங்கியதும் அதே 2004 செப்டம்பரில். உலகின் மிகப் பெரிய திறந்த படக்களஞ்சியங்கள் பிறந்த ஆண்டிலேயே, உத்தரவாதம் உரிமத்தைவிட்டுப் போய்விட்டது.

இந்த வெற்றிடத்தை நிரப்ப யாராவது முறையாக உழைத்திருக்கிறார்கள் என்றால் அது விக்கிமீடியா காமன்ஸின் தன்னார்வலர்கள். 10 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் உள்ள இடம் அது. அங்கே ஒருவர் பிளிக்கரிலிருந்து ஒரு படத்தைக் கொண்டுவந்து சேர்த்தால், பிளிக்ரிவியூஆர் என்ற தானியங்கி நிரல் மூலப்பக்கத்துக்குப் போய்ப் பார்க்கிறது. அங்கே உள்ள கோப்பும் இங்கே ஏற்றப்பட்ட கோப்பும் ஒன்றுதானா, இந்த நேரத்தில் அந்தப் பக்கத்தில் என்ன உரிமம் இருக்கிறது என்று பார்த்து, இன்ன நாளில் இன்ன உரிமத்தோடு இருந்தது என்று கோப்பின் பக்கத்தில் பதிந்துவிடுகிறது. வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமமோ மாற்றம் செய்வதைத் தடுக்கும் உரிமமோ இருந்தால் படம் நிராகரிப்புக்குப் போகிறது.

அந்தத் தேதிக் குறிப்பு அற்பமாகத் தெரியலாம். திறந்த உரிமத்தை ஒருமுறை கொடுத்தால் திரும்பப் பெற முடியாது. ஆனால் தம் பக்கத்தில் உள்ள முத்திரையை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். 2012இல் திறந்த உரிமத்தில் எடுத்த படத்தின் பக்கத்தை இன்று போய்ப் பார்த்தால் 'அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை' என்றிருக்கலாம். அன்று எடுத்தவரின் உரிமை அப்படியே இருக்கிறது, அன்று அப்படித்தான் இருந்தது என்று அவர் காட்ட முடிந்தால். அன்ஸ்பிளாஷ் தளம் 2017 ஜூன் வரை தன் படங்களை எல்லா உரிமைகளையும் துறக்கும் சிசி-சுழியம் அறிவிப்போடு தந்தது. பிறகு தனக்கென ஒரு உரிமத்தை எழுதிக்கொண்டது. பிக்ஸாபே 2019 ஜனவரியில் அதையே செய்தது. இரண்டு தளங்களிலும் 'இலவசம்' என்ற சொல் அப்படியே நிற்கிறது; அதன் பின்னால் உள்ள சட்டம் மாறிவிட்டது. இந்தத் தேதிகளுக்குப் பின் வந்த படங்களை விக்கிமீடியா காமன்ஸ் ஏற்பதில்லை.

தானியங்கியால் முடியாத காரியம் ஒன்று உண்டு. பிளிக்கர் பக்கத்தை வைத்திருப்பவர்தான் படத்தை எடுத்தவரா என்று அதற்குத் தெரியாது. வேறொருவரின் படத்தைத் தம் பிளிக்கர் கணக்கில் ஏற்றி, திறந்த உரிமத்தைச் சூட்டி, பிறகு 'பிளிக்கரில் இருக்கிறதே' என்று காமன்ஸுக்குக் கொண்டுவருவது பழைய தந்திரம். பிளிக்கர்வாஷிங் என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். இந்தத் தந்திரத்தின் முன்னால் தானியங்கி தோற்றுப்போகும். உரிமம் சரி, கோப்பும் சரி என்று முத்திரை குத்திவிடும். அதனால்தான் நம்பத்தகாத பிளிக்கர் கணக்குகளின் பட்டியல் ஒன்றை மனிதர்கள் உட்கார்ந்து பராமரிக்கிறார்கள். ஏமாற்றுபவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு செய்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. பிடித்த நடிகரின் படங்களைச் சேர்க்கும் ரசிகர், கணக்கின் பொது அமைப்பில் திறந்த உரிமத்தை ஒருமுறை தேர்ந்தெடுத்திருப்பார். அதற்குப்பின் அவர் ஏற்றும் ஒவ்வொரு படத்துக்கும், அது யாருடையதாக இருந்தாலும், அந்த உரிமம் தானாக ஒட்டிக்கொள்ளும்.

ஒரு படத்தை நெருங்கிப் பார்ப்போம். தஞ்சைப் பெரிய கோவிலைப் பற்றிய நூலுக்கு வான்வழிப் படம் ஒன்று அட்டைக்கு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விமானமும் நந்தி மண்டபமும் மாலை வெயிலில் தெளிவாகத் தெரியும் படம் ஒன்று திறந்த உரிமத்தோடு கிடைக்கிறது. முதலில் அந்தக் கணக்கில் வேறென்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தஞ்சைக்குப் பக்கத்தில் ஸ்டூடியோ விளக்கில் எடுத்த நடிகை, அடுத்து சுவிட்சர்லாந்தின் பனிமலை, அடுத்து கிரிக்கெட் மைதானத்தின் எல்லைக்கோட்டிலிருந்து எடுத்த பந்துவீச்சு என்றிருந்தால், ஒரே மனிதர் இத்தனை இடங்களில் இத்தனை விதமான கருவிகளோடு நின்றிருக்க வாய்ப்புக் குறைவு. ஒரே பகுதியில், ஒரே கண்ணோட்டத்தில், சில சுமாரான படங்களும் கலந்திருக்கும் கணக்கு நம்பிக்கை தருகிறது. சொந்தமாகப் படமெடுப்பவரிடம் தவறிய படங்களும் இருக்கும்.

அடுத்தது அளவு. ட்ரோனில் எடுத்த படம் 4,000 பிக்சல் அகலத்துக்குக் குறையாமல் இருப்பது இயல்பு. நம் கையில் உள்ளது 960 பிக்சல் அகலம் என்றால் கேள்வி எழ வேண்டும். 720, 960, 2,048 என்பவை ஃபேஸ்புக் படங்களைச் சுருக்கிய அளவுகள். பிறகு கோப்புக்குள் மறைந்திருக்கும் மீத்தரவு. கேமரா தானாக எழுதும் விவரங்கள் (கருவியின் பெயர், எடுத்த நாள், நேரம், திறப்பின் அளவு) அதில் இருக்கும். சமூக ஊடகங்கள் வழியாக வந்த படத்தில் இவை பெரும்பாலும் துடைக்கப்பட்டிருக்கும். ஃபேஸ்புக்கிலிருந்து இறக்கிய கோப்பில் ஒரு தடயம் மட்டும் மிஞ்சுவதுண்டு: சிறப்புக் குறிப்புகளுக்கான புலத்தில் எஃப்பிஎம்டி என்ற நான்கு எழுத்துகளில் தொடங்கும் நீண்ட குறியீட்டுச் சரம். 'நானே எடுத்தேன்' என்று ஏற்றிய படத்தில் அது இருந்தால், ஏற்றியவர் அதைக் கேமராவிலிருந்து எடுக்கவில்லை, ஃபேஸ்புக்கிலிருந்து எடுத்தார் என்று அர்த்தம். கோப்பின் பெயரில் தேதிக்குப் பின் டபிள்யூஏ என்று வந்தால் அது வாட்ஸ்அப்பில் வந்த படம். இவை எதுவும் தனியே குற்றத்தை நிரூபிக்காது. தம் சொந்தப் படத்தையே ஃபேஸ்புக்கிலிருந்து திரும்ப எடுத்து ஏற்றுபவர்களும் இருக்கிறார்கள். எங்கே நின்று கேட்க வேண்டும் என்பதைத்தான் தடயங்கள் காட்டுகின்றன.

பிறகு படத்தை வைத்தே தேடுவது. கூகுள் லென்ஸ், டின்ஐ போன்ற கருவிகளில் இதே படம் வேறெங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். நம்மிடம் உள்ளதைவிடப் பெரிய அளவில், நம்மிடம் வெட்டப்பட்ட ஓரங்களோடு, வேறொருவர் பெயரில் ஒரு பிரதி கிடைத்தால் அது வலுவான சான்று. சிறியதிலிருந்து பெரியதை உண்மையாக உருவாக்க முடியாது. டின்ஐயில் 'மிகப் பழையது' என்று வரிசைப்படுத்தும் வசதியை அப்படியே நம்பக்கூடாது. அந்தக் கருவியின் கண்ணில் படம் முதலில் பட்ட நாளைத்தான் அது காட்டுகிறது. படம் முதலில் வெளியான நாள் அதற்கு முன்பாகவும் இருக்கலாம். எல்லாம் பார்த்தும் ஐயம் தீரவில்லையென்றால் எடுத்தவரிடமே கேட்கலாம்: அதே மாலையில் இதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் இருக்கின்றனவா என்று. திருடியவரிடம் ஒரு படம் இருக்கும். எடுத்தவரிடம் வரிசை இருக்கும்.

எடுத்தவர் யார் என்று தெரிந்துவிட்டாலும் உரிமையாளர் யார் என்பது தனிக் கேள்வி. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, புகைப்படத்தை எடுத்தவரையே அதன் ஆக்கியோன் என்கிறது. ஆனால் 17ஆம் பிரிவு சில விலக்குகளைச் சொல்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில், பணம் பெற்றுக்கொண்டு எடுத்த புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, கேட்டுக்கொண்டவரே முதல் உரிமையாளர். நம் கல்யாண ஆல்பங்களுக்கு இது நேராகப் பொருந்தும். ஸ்டூடியோக்காரர் தம் திறமையைக் காட்ட மணமக்கள் படங்களைத் திறந்த உரிமத்தில் இணையத்தில் ஏற்றினால், ஒப்பந்தத்தில் அதற்கு இடமில்லாதவரை, அந்த உரிமத்தை வழங்கும் உரிமை அவரிடம் இல்லை. பணம் கொடுத்த வீட்டாரிடம் இருக்கிறது. அமெரிக்காவில் நிலைமை இதற்கு நேர் எதிர். அங்கே வாடிக்கையாளர் காசு கொடுத்தாலும் சுயேச்சையான புகைப்படக் கலைஞரிடமே உரிமை தங்கும். எனவே ஒரே மாதிரியான இரண்டு படங்களில் எந்த நாட்டில் எடுத்தது என்பதைப் பொறுத்து விடை மாறும்.

பத்திரிகைப் படங்களில் இன்னும் நுட்பமான ஒரு பங்கீடு இருக்கிறது. நாளிதழில் வேலை செய்யும் புகைப்படக்காரர் பணியின்போது எடுத்த படத்தைப் பத்திரிகைகளில் வெளியிடும் உரிமை மட்டும் இதழின் உரிமையாளருக்கு. மற்ற எல்லா வகையிலும் முதல் உரிமை படமெடுத்தவருக்கே, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால். நம் பத்திரிகைகளில் எத்தனை புகைப்படக்காரர்களுக்கு இது தெரியும்? அவர்கள் பெயரைக்கூடப் போடாமல் போன பல்லாயிரம் படங்களை நினைத்தால் வேதனையாக இருக்கிறது. அரசுப் பணியில் எடுத்தவை அரசுக்குச் சொந்தம். அரசுத் தளத்தில் இருப்பதாலேயே படம் பொதுச்சொத்து என்று பலர் நினைக்கிறார்கள். அது அமெரிக்க மத்திய அரசின் படைப்புகளுக்குப் பொருந்தும் விதி. நாசா படத்துக்குள்ள சுதந்திரம் இஸ்ரோ படத்துக்குத் தானாக வந்துவிடாது.

உரிமையை எழுதி வாங்கியவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் அது ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும்; இடம் குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று 19ஆம் பிரிவு கொள்கிறது. 'படங்களின் உரிமையைத் தங்களுக்கு அளிக்கிறேன்' என்ற ஒரு வரிக் கடிதத்தோடு படங்களை வாங்கிய ஒரு சிறு நிறுவனம், பத்தாண்டு கழித்து அவற்றை உலகம் முழுமைக்கும் என்றென்றைக்குமாகத் திறந்த உரிமத்தில் வெளியிட்டால், அதன் கையில் இல்லாத ஒன்றை அது வழங்குகிறது. திறந்த உரிமங்கள் உலகளாவியவை, பதிப்புரிமைக் காலம் முழுதும் செல்பவை. அவற்றை வழங்குபவரிடமும் அதே அளவு உரிமை இருக்க வேண்டும்.

புகழ்பெற்ற ஒருவரைப் பற்றி எழுதும்போது அவரிடமே படம் கேட்டு வாங்குவது நம்மிடையே வழக்கம். எழுத்தாளரைத் தொலைபேசியில் கேட்டால் 'தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள்' என்பார். அந்தப் பெருந்தன்மை உண்மையானது. ஆனால் படத்தில் இருப்பவர் அவர், எடுத்தவர் வேறொருவர். மேலும் அவர் தந்த அனுமதி நமக்கு, நம் கட்டுரைக்கு. மூன்றாவது ஒருவர் எடுத்து மாற்றி விற்கவும் சம்மதமா என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. விக்கிமீடியாவில் இதற்கென்றே மின்னஞ்சல்களைக் கையாளும் தன்னார்வலர் குழு இருக்கிறது. 2021 வரை ஓடிஆர்எஸ் என்றும் பிறகு விஆர்டி என்றும் அதற்குப் பெயர். 'விக்கிப்பீடியாவில் பயன்படுத்த அனுமதிக்கிறேன்' என்ற கடிதத்தை அவர்கள் ஏற்பதில்லை. எந்தக் கோப்பு, எந்த உரிமம், எழுதுபவர் படத்தை எடுத்தவரா அல்லது உரிமையை வாங்கியவரா, வணிகத்துக்கும் மாற்றத்துக்கும் சம்மதமா, திரும்பப் பெற முடியாது என்று தெரியுமா என்ற எல்லாம் கடிதத்தில் இருக்க வேண்டும். நிறுவனத்தின் பெயரால் எழுதுபவர் நிறுவனத்தின் முகவரியிலிருந்து எழுத வேண்டும். பொதுவான இலவச மின்னஞ்சலிலிருந்து வந்தால் மேலும் கேட்பார்கள். திருப்தியானால் கோப்பின் பக்கத்தில் ஓர் எண் ஏறும். கடிதம் வெளியாருக்குக் காட்டப்படுவதில்லை. எண் மட்டும் நிற்கும். நம் ஊர்ப் படைப்பாளிகள் பலருக்கு இந்தக் கேள்விகள் சந்தேகப்படுவதுபோல் தோன்றி மனம் சுணங்குவதுண்டு. உண்மையில் அவை கொடுப்பவரையும் காக்கின்றன. தம் படம் நாளை ஒரு சோப்பு விளம்பரத்தில் வந்தால் என்ன என்று அவரை யோசிக்க வைக்கும் ஒரே இடம் அதுதான்.

ஒரு படத்துக்குள் இன்னொரு படைப்பு இருப்பதும் உண்டு. கன்னியாகுமரியில் 2000 ஜனவரி முதல் நாள் திறக்கப்பட்ட 133 அடித் திருவள்ளுவர் சிலையை எடுத்துக்கொள்வோம். கணபதி ஸ்தபதியின் அந்தப் படைப்புக்குப் பதிப்புரிமை இன்னும் இருக்கிறது. இருந்தும் அதைப் படமெடுத்து வெளியிடலாம். பொது இடத்தில் நிலையாக நிற்கும் சிற்பத்தைப் படமெடுப்பது மீறல் ஆகாது என்று 52ஆம் பிரிவு சொல்கிறது. ஊர்த் தெருவில் சுவரில் ஒட்டிய சினிமா சுவரொட்டிக்கு இந்தச் சலுகை இல்லை. அது சிற்பமும் அல்ல, நிலையானதும் அல்ல. சுவரொட்டியை நேராகப் படமெடுத்துத் திறந்த உரிமத்தில் ஏற்றியவர் தம் பங்குக்கு உரிமம் தந்திருக்கிறார், சுவரொட்டியை வரைந்தவர் தரவில்லை. சோழர் காலச் செப்புத் திருமேனியில் இது தலைகீழாகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் வார்த்த ஸ்தபதிக்கு இன்று பதிப்புரிமை கிடையாது. விளக்கமைத்து, கோணம் பார்த்துப் படமெடுத்தவருக்கு உண்டு. 1956 முதல் கோவில்களைப் படமெடுத்துச் சேர்த்துவரும் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் தொகுப்பில் உள்ள ஒரு நடராசரை 'பழைய சிலைதானே' என்று எடுத்துப்போட முடியாது. 1906இல் மறைந்த ரவி வர்மாவின் ஓவியம் போன்ற தட்டையான பழைய படைப்பைப் பிசகாமல் நகலெடுத்த படத்துக்குப் புதிய உரிமை பிறப்பதில்லை என்று 1999இல் நியூயார்க் நீதிமன்றம் பிரிட்ஜ்மேன் வழக்கில் தீர்ப்பளித்தது. 2019இல் ஐரோப்பிய ஒன்றியமும் அதே திசையில் சட்டம் இயற்றியது.

காலக்கணக்கில் ஒரு பள்ளம் இருக்கிறது. இந்தியாவில் புகைப்படத்தின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் என்பது 2012 வரை இருந்த விதி. அந்த ஆண்டின் திருத்தம் புகைப்படத்துக்கென இருந்த 25ஆம் பிரிவை நீக்கிவிட்டது. இப்போது மற்ற கலைப்படைப்புகளைப் போலவே எடுத்தவரின் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும். பழைய கணக்கை வைத்துக்கொண்டு 'உரிமை முடிந்தது' என்று முத்திரை குத்துபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் தவறு நேரலாம். 2007இல் ஆஸ்திரேலியாவில் வர்ஜின் மொபைல் நிறுவனம் தன் விளம்பரங்களுக்கு பிளிக்கரிலிருந்து படங்களை எடுத்தது. அவற்றில் ஒன்று டெக்சாஸைச் சேர்ந்த பதின்வயதுச் சிறுமியின் படம். அவளுடைய தேவாலயத்தின் இளைஞர் வழிகாட்டி எடுத்து, பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற உரிமத்தில் ஏற்றியது. எடுத்தவரே ஏற்றினார், உரிமமும் வணிகத்தை அனுமதித்தது. கடல் கடந்து ஒரு பேருந்து நிறுத்தத்தில், பேனா நண்பர்களைக் கைவிடச் சொல்லும் வாசகத்தோடு தன் முகத்தைக் காண அந்தச் சிறுமியோ அவள் குடும்பமோ சம்மதிக்கவில்லை. குடும்பம் வழக்குத் தொடுத்தது; ஆஸ்திரேலிய நிறுவனத்தின்மேல் தனக்கு அதிகார எல்லை இல்லையென்று டெக்சாஸ் நீதிமன்றம் 2009இல் அதை முடித்துவிட்டது. படமெடுத்தவர் தரும் உரிமம் படமெடுத்தவரின் உரிமையைப் பற்றியது. படத்தில் உள்ளவரின் சம்மதம் அதற்குள் அடங்காது. வயல் வேலை செய்யும் பெண், பள்ளிக்கூடக் குழந்தைகள், மருத்துவமனை வரிசையில் நிற்பவர் என்று நம் கட்டுரைகளில் முகங்களைப் போடும்போது நான் முதலில் கேட்க நினைப்பது இதைத்தான்.

பெயர் குறிப்பிடுவதற்கு வருகிறேன். தமிழ் இதழ்களிலும் நூல்களிலும் 'படம்: இணையம்', 'நன்றி: கூகுள்' என்று போடும் வழக்கம் வேரூன்றிவிட்டது. கூகுள் எந்தப் படத்தையும் எடுக்கவில்லை. அந்த வரி யாருக்கும் நன்றி சொல்வதில்லை. எடுத்தவர் யாரென்று பார்க்கவில்லை என்பதை அச்சில் ஒப்புக்கொள்கிறது. திறந்த உரிமத்தில் பெயர் போடுவது மரியாதைக்கான சடங்கல்ல, அனுமதியின் நிபந்தனை. அது விட்டுப்போனால் உரிமம் முடிந்துபோகிறது, மிஞ்சுவது சாதாரணமான மீறல். விக்கிமீடியா காமன்ஸில் திறந்த உரிமத்தில் இருந்த ஒரு ராக் இசைக் கலைஞரின் படத்தை அமெரிக்கச் செய்தித்தளம் ஒன்று எடுத்தவர் பெயரின்றிப் போட்டது. அந்தக் கட்டுரையால் அதற்குக் கிடைத்த விளம்பர வருமானம் இரண்டு மூன்று டாலர்தான். வழக்கு மேல்முறையீடு வரை போனது. நியாயமான பயன்பாடு என்ற தளத்தின் வாதத்தை நான்காம் வட்டார நீதிமன்றம் 2024இல் ஏற்கவில்லை. இதற்கு எதிரான அனுபவமும் உண்டு. மேரிலாந்தின் ஒரு வரைபட நூல் பிளிக்கர் படம் ஒன்றை அட்டையில் போட்டு, பின்னட்டையில் படத்தின் பெயர், எடுத்தவர்கள் பெயர், உரிமத்தின் பெயரும் பதிப்பும் ஆகியவற்றை அச்சிட்டிருந்தது. படமெடுத்தவர் வழக்குப் போட்டபோது, அந்தச் சிறிய வரியே பதிப்பகத்தைக் காப்பாற்றியது; நிபந்தனை நிறைவேறியதாக 2015இல் நீதிமன்றம் சொன்னது.

உரிமத்தின் பதிப்பு எண்ணையும் குறிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2013இல் வந்த நான்காம் பதிப்பில், தவறு தெரிந்த 30 நாட்களுக்குள் திருத்திக்கொண்டால் உரிமம் தானாகத் திரும்பிவிடும். முந்தைய பதிப்புகளில் அந்த இடைவெளி இல்லை. பெயர் விட்டுப்போனவர்களைத் தேடிப்பிடித்துப் பெருந்தொகை கேட்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் பழைய பதிப்புகளை விரும்புவது இதனால்தான்.

'நம்பித்தானே பயன்படுத்தினேன்' என்பது நீதிமன்றத்தில் எவ்வளவு தூரம் போகும்? இந்தியச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, பதிப்புரிமை இருப்பதை அறியாமலும் அறிய நியாயமான காரணமின்றியும் மீறியவருக்குச் சற்று இரக்கம் காட்டுகிறது. பொய்யான திறந்த உரிமத்தை நம்பியவருக்கு இந்த வாசல் எளிதில் திறக்காது என்றே நான் கருதுகிறேன். உரிமம் இருக்கிறது என்று நம்புவதே பதிப்புரிமை இருக்கிறது என்று அறிந்திருப்பதாகும்.

ஆகவே சரிபார்த்ததற்கான சான்று கையில் இருக்க வேண்டும். படத்தைப் பதிவிறக்கும் அன்றே மூலப்பக்கத்தை இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் சேமித்துவிடலாம். ஓரிரு நிமிட வேலை. படமெடுத்தவர் பெயரை அவர் எழுதியபடியே, பக்கத்தின் முகவரி, உரிமத்தின் பெயர், பதிப்பு, பார்த்த தேதி ஆகியவற்றோடு ஒரு தாளில் எழுதி, அவரோடு கடிதப் போக்குவரத்து இருந்தால் அதையும் சேர்த்து, நூலின் அச்சுக் கோப்போடு வைத்துவிட வேண்டும். ஐயம் இருக்கும் படத்துக்கு எடுத்தவருக்கே நேராக எழுதலாம்: இது உங்கள் படமா, இந்த உரிமத்தில் நீங்களே வெளியிட்டீர்களா, உங்கள் பெயரை எப்படிப் போட வேண்டும் என்று. எழுதியும் விடை வராவிட்டால் அந்தப் படத்தை விட்டுவிட்டு வேறு படம் தேடலாம்; தஞ்சைக்கு ஒரு கேமராவோடு ஆளை அனுப்பவும் செய்யலாம். அப்படி அனுப்பும்போது, எடுக்கும் படங்களின் உரிமை யாருக்கு, எந்தக் காலத்துக்கு, எந்த நாடுகளுக்கு என்று அவர் ரயில் ஏறுவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.